காட்டைக் காடாக்கிய கதை

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அப்பா இருந்தவரை பருத்தியும் சோளமும் விளைந்த காடு. பிறகு நான் திருத்தங்கலில் அச்சு மிஷின் ஓட்டப் போனேன். அக்கா பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள். நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. கம்பெனி விபத்தில் வலது கை வெந்த பிறகு, அக்கா வேலையை விட்டு அந்த முள்ளுக் காட்டிலேயே ஆடு மேய்த்தாள்.

போன வருஷம் ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். முள்ளை வேரோடு எடுத்துவிட்டு உசிலை, ஆத்தி, வன்னி என்று இந்த மண்ணின் மரங்களை நடுவார்களாம். மரங்கள் காற்றிலிருந்து இழுக்கும் கரியைக் கணக்கிட்டு, கார்பன் கிரெடிட் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்பார்களாம். எனக்கும் பங்கு உண்டு. "முள்ளு போனாச் சரிதாம்லே" என்றாள் அக்கா. கையெழுத்துப் போட்டேன்.

கன்றுகளோடு கம்பி வேலியும் வந்தது. ஆடு உள்ளே வரக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கு மிஷின் முன்னால் இருப்பே கொள்ளவில்லை. விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

ஒருநாள் காலையில் கம்பி தாழ்ந்து கிடந்தது. உள்ளே ஆடுகள். நடுவில் கம்போடு அக்கா.

"என்னக்கா இது? கன்னெல்லாம் போச்சே!"

"கன்னுல வாய் வைக்காமத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். புல்லுதான் மேயுது."

"அவுக சாட்டிலைட்டுல மேல இருந்து படம் எடுத்துப் பாப்பாகக்கா."

"எடுக்கட்டும்லே. என் கையும் அதுல தெரியட்டும். மரம் பெருசாகுற வரைக்கும் இதுகள நான் எங்கன கொண்டுபோவேன்?"

ஆடுகளை நானே வெளியே ஓட்டினேன். ஆத்திக் கன்றுகள் சில மொட்டையாகியிருந்தன.

நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆட்ட விட முடியாதுண்ணே. ஆனா புல்ல அறுக்க ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். கோடையில தீப்புடிச்சிரும். அக்காவ அறுத்துக்கிடச் சொல்லுங்க."

வெந்த கைக்கு அரிவாள் பிடிபடாது. வேலைக்குப் போகுமுன் நான் அறுத்தேன். அக்கா வந்து அள்ளிக் கட்டிக்கொண்டு போனாள். கட்டுத்தறியிலேயே நின்ற ஆடுகள் கத்தித் தீர்த்தன. அறுத்த புல் பற்றாமல் பாதியைச் சந்தைக்கு ஓட்டினாள்.

பங்குனியில் பக்கத்துக் காட்டில் சோள அறுப்பு முடிந்த அடிக்கட்டைக்கு வைத்த தீ காற்றில் எங்கள் பக்கம் திரும்பியது. யாரோ போனில் சொல்ல, மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் வேலியோரம் தீ அடங்கியிருந்தது. அங்கே புல் அறுத்திருந்ததால் உள்ளே பரவவில்லை. அக்கா தீயை அடித்து அணைத்த வேப்பங்குழையோடு நின்றாள். முகமெல்லாம் கரி. தீயைக் கண்டால் நடுங்குகிறவள்.

"அக்கா, மரத்துக்காகவா ஓடியாந்த?"

"மரமாவது மட்டையாவது. கோடை முழுக்க என் ஆட்டுக்கு இந்தப் புல்லுதாம்லே இருக்கு."

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. எனக்கும் வேலைக்குத் திரும்ப மனம் வரவில்லை. எங்காவது புகைகிறதா என்று பார்த்தபடி வேலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.