கொஞ்ச நேரம் அடிக்கட்டும்

அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஆடிக்காற்று பண்ணைப்புரத்தில் எங்கள் வீட்டு டிஷ்ஷைத் திருப்பிவிட்டிருந்தது. அதைச் சரிசெய்ய வந்தவர். நரைத்த தாடி, இடுப்பில் ஸ்பேனர், சட்டைப்பையில் இரண்டு போன்கள். பூப்போட்ட உறையிட்ட போனை என்னிடம் நீட்டினார்.

"மாடியில இருந்து இதுக்கு வீடியோ கால் போடுவேன் தம்பி. எடுத்து டிவிக்கு நேரா பிடிங்க. சிக்னல் ஏறுறத அங்கன இருந்தே பாத்து டிஷ்ஷ திருப்பிருவேன்."

படியேறப் போனவர் நின்றார்.

"அடிச்சதும் எடுத்துராதீக. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."

"ஏண்ணே?"

"அது எம்பொண்டாட்டி போனு. எல்லா வீட்டுக்கும் கூடவே வந்து, டிவி முன்னால நின்னு, வருது, வரலன்னு கத்துவா. தை மாசம் போய்ச் சேந்துட்டா. நீங்க எடுத்தா டிவி தெரியும். எடுக்குறவரைக்கும் என் போன்ல அவ போட்டோ தெரியும்."

போன் அடித்தது. பொறுத்துத்தான் எடுத்தேன். சற்று நேரத்தில் டிவியில் படம் பளிச்சென்று வந்தது.

"வந்துருச்சுண்ணே!" என்று கத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.

கையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது.

நான் எடுக்கவில்லை. அது தானாக ஓயும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.