லாத்தாவின் பெயரில் ஒரு வீடு

என் ஃபிரிட்ஜின் மேல் ஒரு வீடியோ கேம் கிடக்கிறது. கைக்குள் அடங்குவது. மஞ்சள் பொத்தான்கள், சாம்பல் திரை. மேலிருந்து கட்டைகள் விழும், கீழே இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். சென்னையில் எத்தனையோ வாடகை வீடுகள் மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பாத்திரம், ஒரு நாற்காலி, சில மனிதர்கள் பின்தங்கிவிடுவார்கள். இது மட்டும் கூடவே வருகிறது. என்னுடையது அல்ல என்பதாலோ என்னவோ.

இது லாத்தாவுடையது. என் பெரியம்மா மகள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்கா என்றால் லாத்தா. கடல் கடந்து பிழைக்கப் போவதற்குச் சபுர் என்று பெயர். சபுரிலிருந்து வந்த பெரியப்பா, தன் மகனுக்கென்று துபாயில் வாங்கி வந்த சாமான் இது. அவனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது, மட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனான். லாத்தா எடுத்துக்கொண்டாள். பொம்பளைப் பிள்ளை குந்திக்கொண்டு பொத்தானை அமுக்குவதா என்று பெரியம்மா முணுமுணுத்தாள். அடுப்படி வேலையை முடித்துவிட்டுத்தானே என்று இவள் பதிலுக்கு முணுமுணுத்தாள். அதில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்து விழப்போகும் கட்டையைத் திரையின் மூலையில் முன்கூட்டியே காட்டிவிடும். "அடுத்து என்ன வருதுன்னு சொல்லிட்டு வருது பாரு. நம்ம வீட்டுல யாராச்சும் அப்படிச் சொல்றாங்களா?" என்பாள்.

வலங்கைமானுக்குக் கிழக்கே எங்கள் ஊர். நாற்றங்கால்களுக்கு நடுவே திடீரென்று மொசைக் தரையும் இரும்பு கேட்டுமாக வீடுகள் எழுந்து நிற்கும். அந்த வீடுகளுக்கும் வயலுக்கும் சம்பந்தமில்லை, அவை சபுரில் விளைந்தவை. எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மகள் பெயரில் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை பெட்டியோடு அங்கே வந்து சேருவார், கொஞ்ச நாள் இருந்துவிட்டு விமானம் ஏறுவார். லாத்தா கல்லூரியில் படிக்கும்போதே அவள் வீட்டுக்கு நிலை வைத்தாயிற்று. எனக்கு வீடில்லை. நான் மூன்றாவது பெண், என் முறை வருவதற்குள் என்னைப் பெற்ற அத்தாவின் சபுர் முடிந்துபோனது.

ஊரே கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று பறந்த காலம். தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் லாத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கரும்பலகை முன் அவள் நிற்பதை ஒரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஊரில் நான் பார்த்தேயிராத உயரத்தில் இருந்தாள். ஆனால் மாலை வகுப்பு முடித்து ஊர் பஸ்ஸைப் பிடிப்பது பெரும்பாடு. பெரியப்பா போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். நோன்பு வருவதற்குள் கௌரவமான வீட்டில் ஒரு மாடிப் போர்ஷன் பார்த்துக்கொள், இல்லையென்றால் வேலையை விட்டுவிடு.

நான் அப்போது தஞ்சாவூரில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். மதிய வெயிலில் இருவரும் தெருத்தெருவாக அலைந்தோம். பெயரைக் கேட்டதுமே சில கதவுகள் சாத்திக்கொண்டன, அது பழகியதுதான். திறந்த கதவுகளைத்தான் லாத்தா தானே சாத்திக்கொண்டாள். எங்கே போனாலும் முதல் பேச்சாகவே, "ஊர்ல என் பேர்லயே சொந்த வீடு இருக்குங்க" என்பாள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு அதைவிட மரியாதை கிடையாது. அதை யாரிடமும் சொல்லக்கூட வேண்டியதில்லை, கேட் சொல்லிவிடும். தஞ்சாவூரில் ஒரு வீட்டுக்கார அம்மாள் எடுத்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"சொந்த வீடு இருக்கிற பொண்ணு இங்க வந்து ஏம்மா வாடகைக்குக் கேக்குற? புருஷனோட ஏதும் தகராறா?"

"இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"அப்ப இன்னும் சரியில்ல."

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடேன் என்று படியிறங்கும்போது கெஞ்சினேன். "என் பேர்ல இருக்கிறது அது ஒண்ணுதான்டி. அதையும் மறைச்சுட்டு என்னன்னு சொல்லி நிக்கிறது?" என்றாள்.

நோன்புப் பிறை தெரிய இருந்த கடைசி வாரம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை, வரிசையாக டிவிகள், ஒவ்வொன்றின் முன்னும் பையன்கள். லாத்தா விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள். கடைக்காரர் எழுந்து, தம்பியைத் தேடி வந்தீங்களா என்று கேட்டார். விளையாட வந்தேன் என்றாள். பையன்களின் விரல்கள் நின்றுவிட்டன. திரைகளில் மட்டும் கார்கள் மோதிக்கொண்டே இருந்தன. அவர் கோபப்படவில்லை. "லேடீஸுக்கு இல்லைங்க" என்றார், தீர்ந்துபோன சரக்கைச் சொல்வதுபோல.

அன்றும் வீடு கிடைக்கவில்லை. லாத்தா ஊர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாக இந்தக் கேமை நீட்டினாள். ஊரில் வைத்துக்கொள்ள இடமில்லையா என்று கேட்டேன். "அங்க இடம் மட்டும்தான் இருக்கு. நீ வெச்சுக்க." அதன் பிறகு அவள் எங்கும் வேலைக்குப் போகவில்லை.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கணவர் சபுரில். மகளுக்கு வேறு தேசத்தில் வேலை, ஊர் வீடு வேண்டவே வேண்டாம் என்கிறாளாம். மாடி அறைகளைப் பூட்டிவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். நகரத்தில் சாமானியர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வாடகை எவ்வளவு என்று நான் கேட்பதற்குள், கூட யார் என்று வீட்டுக்காரர்கள் கேட்டுவிடுகிறார்கள். வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் பேசும்போதும் எல்லோர் மனதிலும் இருப்பது பையன்கள்தான். கெட்டுப்போகக்கூட இடம் கிடைக்காதவளை நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் இந்த வீட்டுக்கு வந்தேன். ஊரில் சொந்த வீடு இருக்கிறதா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். இல்லைங்க என்றேன். வேறு போக்கிடம் இல்லாத, நரை கண்ட பெண் என்பதால் இரக்கமோ என்னவோ, சாவி கைக்கு வந்தது. மதியம் காலி அறையில் உட்கார்ந்து லாத்தாவுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன்.

"இல்லைன்னு சொன்னா குடுக்குறாங்களா" என்றாள். பிறகு, "அந்தக் கேம் இன்னும் ஓடுதா?"

"ஓடுது லாத்தா."

"அந்த மூலையில அடுத்தது காட்டுமே, அது?"

பைக்குள் கிடந்த கேமை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். கட்டைகள் விழத் தொடங்கின. அந்த மூலை வெறுமையாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

"காட்டுது" என்றேன்.