கோலக் கரை போட்ட வரைபடம்

எங்கள் மாடிக்குக் கொட்டிவாக்கத்திலிருந்து குடிவந்த ஆசிரியைக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கச்சேரி ரோட்டில் மாதா கோயிலைச் சேர்ந்த பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் தனியாகத்தான் போவேன் என்பது அவர் பிடிவாதம். கூடவே வந்து விட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்பது அவருடைய அம்மாவின் பிடிவாதம். வழியை விரலால் தடவிப் பழக ஒரு வரைபடம் இருந்தால் அம்மாவைச் சமாளித்துவிடலாம் என்றார். மயிலாப்பூர் வரலாற்றைப் படித்துத் தேதிவாரியாகக் குறித்துவைப்பவன் நான். விடுவேனா?

அவரிடமே பிரெயில் எண்களைக் கற்றுக்கொண்டு, பழைய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டைக் குத்தி ஒட்டினேன். நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"இது மேப்பா, கல்வெட்டா அங்கிள்? எப்போ கட்டினாங்கன்னு இருக்கு. எங்க திரும்பணும்னுதான் இல்ல."

ஆண்டுகளைப் பிய்த்தெடுத்தேன். தெருக்களுக்குச் சணல் கயிறு, குளத்துக்கு வழவழப்பான பிளாஸ்டிக், சாலையைக் கடக்கும் இடங்களுக்கு உப்புத்தாள், வாசனையால் தெரியும் காபிப்பொடிக் கடைக்கு ஒரு சட்டைப் பொத்தான். எல்லாம் முடிந்தபின் ஓரம் மொட்டையாகத் தெரிந்தது. துணியில் பூ வரையும் பெயின்ட்டால், இரண்டிரண்டு புள்ளியாகச் சுற்றிலும் கோலக் கரை போட்டேன்.

ஓரத்தைத் தொட்டதும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தால் பிரெயிலில் அது 'ச' என்ற எழுத்தாம். நான்தான் எண்களோடு நிறுத்திவிட்டேனே.

"ச்ச, ச்ச, ச்ச... ரோட்டுல என்னைப் பாக்கறவங்க எல்லாம் பாவப்பட்டு இதைத்தான் சொல்வாங்க. நீங்க அதை மேப்லயே போட்டுட்டீங்க."

அன்றைக்கே பிளேடால் சுரண்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் குச்சியுடன் கிளம்பினார். பால்கனியில் நின்ற அவர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு சற்றுத் தள்ளிப் பின்னால் போனேன். வரைபடம் சரியா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடக்கு மாட வீதியில் ஒரு தடுமாற்றமும் இல்லை. கச்சேரி ரோட்டுக்குச் சரியாகத் திரும்பினார். சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, திரும்பாமலே பேசினார்.

"கரையைச் சுரண்டிட்டேன்னு சொன்னீங்களே அங்கிள். அது செருப்பு போட்டுக்கிட்டுப் பின்னாடியே வருது."

காபிப்பொடி வாங்க வந்ததாகச் சொன்னேன்.

"கடையைத் தாண்டியாச்சு. பொத்தான் ஒட்டினது நீங்கதானே?"

குச்சி தட்டும் சத்தம் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை நின்றேன். பிறகு, சொன்ன பொய்க்காகக் கால் கிலோ காபிப்பொடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.