ஜன்னலில்லாத கோட்டை

போஹ்தானா என்னைப் போனில் கூப்பிட்டபோது நான் பணிமனையில் டிராமை விட்டுவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"யர்மிலா, நேரா இங்க வந்துடு. ரெண்டு ரூம் ஒரே எடத்துல வருது."

"எந்த வீட்டுலடி?"

"என் கோட்டையில."

அவளும் நானும் பிர்னோ நகரத்தில் டிராம் ஓட்டுகிறவர்கள். நான் வேலை முடிந்தால் தூங்குவேன். அவள் பழைய கணினி விளையாட்டுகளில் வரும் கோட்டை, சுரங்கம், தீவு எல்லாவற்றையும் கெட்டிக் காகிதத்தில் வெட்டி, மடித்து, ஒட்டிக் கட்டுவாள். திரையில் ஒவ்வோர் அறையாகப் பார்த்த இடம் மேஜைமேல் முழுசாக எழுந்து நிற்கும். கல்யாணம் ஒருமுறை செய்து பார்த்தாள், சரிப்படவில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதையும் காகிதம் பிடித்துக்கொண்டதால் அடுப்பு ஓரத்தில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள்.

இந்தக் கோட்டை அவளுக்கு மற்றவற்றைப் போல அல்ல. பதின்மூன்று வயதில், அப்பா வீட்டைவிட்டுப் போன குளிர்காலம் முழுவதும் அவள் இதற்குள்தான் இருந்தாள். அப்போதெல்லாம் விளையாட்டுகளைக் கடையில் விற்கமாட்டார்கள். யாரோ எழுதுவார்கள், கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவாகி ஊர் ஊராகப் போகும். 'ஜன்னலில்லாத கோட்டை' அப்படித்தான் அவள் கைக்கு வந்தது. எந்த அறையிலும் ஜன்னல் கிடையாது. எழுதியவன் தரையை ஒரே கோட்டில் இழுத்துவிட்டிருந்தான். விளக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான்: ஒன்று வட்டம், ஒன்று நீளம், ஒன்று விளிம்பு உடைந்தது.

நான் போனபோது அவள் கையில் ஒரு சின்ன அறையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கிணற்றறையிலிருந்து கிழக்கே போய், தெற்கே திரும்பி, இரும்புக் கதவைத் தாண்டி மேற்கே வந்தால் விஷ அறை. ஆனால் மேஜையில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஜெபக்கூடம் நிற்கிறது.

"ஒன்னை நவுத்திக்கோயேன்," என்றேன்.

"நவுத்துனா இது பொய்யான கோட்டை ஆயிடும்."

விளையாட்டின் முதல் திரையிலேயே எழுதியவன் பெயரும் ஊரும் இருந்தன: லுமீர் ஹாய்டா, ஷும்பெர்க். தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருந்தது. என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஹாய்டா சாரா? உங்க விஷ ரூம் என் ஜெபக்கூடத்து மேல ஏறி உக்காந்திருக்கு."

"அம்மா, நான் குடிநீர் வாரியத்துல வேலை பாக்கறேன். குழாய் ரிப்பேர்னா வேற நம்பர்."

"குழாய் இல்ல சார். ஜன்னலில்லாத கோட்டை."

அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது: "அதை... நீங்க வெளையாடினீங்களா?"

"கடைசி வரைக்கும்."

"என் கிளாஸ் பையன் ஒருத்தனுக்குத்தான் குடுத்தேன். போர் அடிக்குதுன்னு திருப்பித் தந்துட்டான். வேற யாருமே பாக்கலைன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அடுத்த சனிக்கிழமை ரயிலேறி வந்துவிட்டார். உயரமான மனிதர், இடது காலை லேசாக இழுத்து நடப்பார். கையில் கசகசா அப்பம் ஒரு பொட்டலம். மேஜையைப் பார்த்ததும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் குனிந்துவிட்டார். நூலில் தொங்கிய காகித விளக்குகள் அவர் மூச்சில் ஆடின.

"ஒடஞ்ச விளக்கு," என்றார். "அதையும் வச்சிருக்கீங்க."

"நீங்க வரஞ்சிருந்தீங்க, வச்சேன். சார், இது என்ன கோட்டை? தரையே பாக்காம வெளக்கை மட்டும் பாக்கற ராஜா யாரு?"

அவர் அடுப்போரம் சாய்ந்துகொண்டு சொன்னார். ஒன்பது வயதில் இடுப்பு எலும்பு கெட்டு, மலைமேல் இருந்த ஒரு குழந்தைகள் சிகிச்சை விடுதியில் ஒரு வருஷத்துக்கும் மேலாக மல்லாந்து படுத்திருந்தார். எங்கே போவதென்றாலும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் பார்த்ததெல்லாம் கூரையும் விளக்கும்தான். மருந்தறைக்கு எத்தனை விளக்கு, ஊசி போடும் அறைக்கு எந்தத் திருப்பம் என்று மனப்பாடம். நடக்க ஆரம்பித்து, வளர்ந்து, கணினி கையில் கிடைத்ததும் முதலில் அதைத்தான் எழுதினார்.

"தப்பா எழுதியிருப்பேன். படுத்துக்கிட்டுப் பாத்த பையனுக்கு வழி என்ன தெரியும்? நீங்க எது சரின்னு படுதோ அப்படியே கட்டிடுங்க."

"மத்த எல்லாமே சரியா பொருந்துதே," என்றாள் போஹ்தானா. "இவ்வளவு சரியா பாத்த பையன் ஒரே எடத்துல மட்டும் தப்புப் பண்ணுவானா? அந்தக் கட்டடம் இன்னும் இருக்கா?"

இருந்தது. யேசெனிக் மலையில், இப்போது பள்ளிப் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடக் கூட்டமாக வந்து தங்கும் விடுதி. நாங்கள் போனபோது, விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பூட்ஸைக் கழட்டிட்டு எங்க வேணா சுத்துங்க," என்றாள். மூவரும் சாக்ஸோடு கிளம்பினோம்.

உள்ளே போனதும் லுமீர் வாசல் பக்கமே நின்றுவிட்டார். "எனக்கு ஒன்னும் அடையாளம் தெரியல. இதுக்கு ஜன்னல் எல்லாம் இருக்கு," என்றார். முகம் வெளுத்திருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடச் சொன்னார்.

போஹ்தானா அவர் கையைப் பிடித்தாள். "மேல பாருங்க. நான் ஓட்டறேன். எனக்கு வேலையே அதுதான்."

அவர் தலையை அண்ணாந்தார். அவள் முழங்கையைப் பிடித்து நடத்தினாள். விளக்குகள் மாறிவிட்டிருந்தன, ஆனால் பழைய விளக்கு இருந்த இடங்களில் சுண்ணாம்பில் தடம் இருந்தது. "வட்டம்... வட்டம்... இங்க நீளம். திரும்புங்க," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுபிள்ளைக் குரலாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது. "இப்ப இரும்புக் கதவு. தடால்னு சத்தம் வரும். அப்புறம் வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். அது பயத்துல."

போஹ்தானா நின்றாள். எதிரே இரும்புக் கதவு. சாமான் ஏற்றும் பழைய லிஃப்ட், கட்டில் போகிற அகலம்.

"சார், பயம் இல்ல. கீழ எறங்கியிருக்கீங்க."

உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள். தடால் என்று சத்தம் கேட்டது. லிஃப்ட் இறங்கியது. லுமீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவிலேயே மாறிவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கைக்குட்டை கொடுக்கவில்லை. முழங்கையை விடாமல் நின்றாள், அவ்வளவுதான்.

"தப்பே பண்ணல நீங்க," என்றாள் கடைசியில். "மாடிதான் ரெண்டு."

கீழே மேற்குப் பக்கம் மருந்தறை இருந்தது, கோட்டையின் விஷ அறை. ஜெபக்கூடத்துக்கு நேர் கீழே.

ரயிலில் திரும்பும்போது அவள் அவரிடம், "இனிமே என்னை 'நீங்க'ன்னு சொல்லாத. நீன்னே சொல்லு," என்றாள். எங்கள் வழக்கத்தில் பெண்தான் அதை முதலில் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்ல முயன்று, மறுபடி "நீங்க" என்றார். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கோட்டைக்கு அவள் கீழ்த்தளம் கட்டி முடித்தபோது வசந்தம் வந்துவிட்டது. மேஜை போதவில்லை என்று லுமீர் ஷும்பெர்க்கிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார், பிறகு அந்த மேஜைக்குத் துணையாக நாற்காலிகள், துணிமணி, ஒரு பூனை. குடிநீர் வாரியத்தில் சொல்லி இந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் பார்த்தேன். ஒரு தீவு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பசை தடவிய மலை சாய்ந்து போயிருந்தது.

"நகர்றியா கொஞ்சம்? தண்ணிக் குழாய் பாக்கற கைய வச்சுக்கிட்டு மலை கட்ட வந்துட்ட," என்றாள் போஹ்தானா.

"நீ ஓட்டற டிராம் மாதிரி ஆடுது உன் மேஜை, மலை என்ன பண்ணும்?" என்றார் அவர்.

எனக்குக் காப்பி தருவதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நானே போட்டுக் குடித்தேன்.