குழந்தை வராத கதைகள்

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசி வாரத்தில் எங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அறுபதுகள் முடியும் சமயம். நான் மாண்ட்ரியலில் உலோகவியல் ஆராய்ச்சி மாணவன். என் மனைவி கும்பகோணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அந்த நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம்.

பிரசவ அறைக்குள் கணவனை விடாத காலம் அது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் வந்து விஷயத்தைச் சொன்னார். பெண் குழந்தை என்றார். பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். மற்றதையெல்லாம் மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவள் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இளம் வயதுதானே, அடுத்த வருடமே இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றார். அதுவரை அவள் மனம் வேறு பக்கம் திரும்பட்டும், படிக்க ஏதாவது வாங்கிக்கொடுங்கள் என்றார். நான் செய்யக்கூடியது என்று யாராவது ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் அழவில்லை. சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். எதிரே இருந்த மேப்பிள் மரங்கள் சிவந்துகொண்டிருந்தன. பால் கட்டிக்கொண்டதால் பழைய புடவையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டியிருந்தாள். அது வலிக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அலமாரிக்கு முன்னால் நின்ற பிறகுதான் அவளுக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாது என்பது உறைத்தது. பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா, எந்நேரமும் கையும் புத்தகமுமாக இருப்பாள் என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்ன புத்தகம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அட்டையில் தோட்டம் போட்டிருந்த ஒரு நாவலை எடுத்துவந்தேன். அவள் நாற்பது பக்கம் போல படித்தாள். பிறகு கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெண்கள் தொட்டிலுக்கு இரு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் நான் முதலில் படிக்காமல் அவளிடம் கொடுத்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் உலை சூடேற இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் படித்தேன். பஸ்ஸில் படித்தேன். துப்பறியும் கதை என்றால் பயமில்லை என்று நினைத்தேன். கொலையானவனுக்கு ஆறு மாதப் பிள்ளை இருந்தது. கடல் பயணக் கதையில் கப்பல் தலைவனுக்கு மகன் பிறந்த செய்தியோடு கடிதம் வந்தது. பனிமலை ஏறினவர்களின் அனுபவம் ஒன்றில் கடைசிப் பக்கம் வரை ஆபத்தில்லாமல் போய், ஊர் திரும்பிய ஒருவன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். குழந்தை இல்லாமல் உலகத்தில் ஒருவருக்கும் கதை எழுதத் தெரியவில்லை. என் பேராசிரியர் ஒருநாள் உலைக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டு, இலக்கியத்துக்கு மாறிவிட்டாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துவைத்தேன்.

தமிழில் இருந்தால் படிப்பாளோ என்று தோன்றியது. புறநகரான புவாண்ட்-கிளேரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் மனைவியிடம் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு. ஒரு ஞாயிறு ரயிலேறிப் போனேன். அந்த அக்கா பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து திறந்தார். தரையில் உட்கார்ந்து இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குடும்பக் கதைகளை அவரே ஒதுக்கினார். ஒதுக்கிய குவியல் உயர்ந்துகொண்டே போயிற்று.

"தம்பி, குழந்தை வராத கதைன்னா சமையல் புத்தகம்தான் இருக்கு. அதுலயும் பிரசவ லேகியம் போட்டிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் ஒரு சரித்திரக் கதையைக் கொடுத்தார். முழுக்கப் போரும் குதிரையும்தான் என்றார். அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். திரும்பும்போது ரயிலில் படித்தேன். பாதிக்கு மேல் ராணிக்கு நாள் தள்ளிப்போனது. நான்கு அத்தியாயங்களில் கோட்டைக்குள் இளவரசன் பிறந்து விழாவும் நடந்தது. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் பிளேடால் அந்த நான்கு வாரத்துத் தாள்களையும் தையல் ஓரமாக அறுத்து எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். தொகுதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் படித்தாள். மூன்று நாள் கீழே வைக்காமல் படித்தாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த ஞாயிறு பிற்பகல் காபி போட்டுக்கொண்டிருந்தேன். தொகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நடுவுல நாலு வாரம் காணோம்."

பைண்டு செய்தவன் விட்டிருப்பான் என்றேன்.

"இந்தக் கதையை ஊர்ல வாராவாரம் படிச்சிருக்கேன். அந்த நாலு வாரத்துலதான் ராணிக்குக் குழந்தை பிறக்கும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவளே வந்து அடுப்பை அணைத்தாள். பிறகு, அதுவரை அந்த வீட்டில் யாரும் பேசாததைக் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"காட்டலையா?"

"கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப நம்மள்ல யாருமே பாக்கலை" என்றாள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். அவள் துணியை எடுத்து வழிந்த பாலைத் துடைத்தாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். தொடலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது அவளும் கோட்டை மாட்டிக்கொண்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான். இலையெல்லாம் கொட்டி நனைந்து நடைபாதையில் ஒட்டிக்கிடந்தது. நூலகத்தில் என்னை விட்டுத் தள்ளிப்போய் அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள். நான் வாசலருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த புத்தகம் ஒன்றோடு வந்தாள். திறந்து பார்த்தேன், பிரெஞ்சு. அவளுக்கு பொன்ஜூரும் மெர்சியும் தவிர ஒரு சொல் தெரியாது. எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தப்பாக எடுத்துவிட்டாய் என்றேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன். ஒண்ணும் புரியாது. அதுதான் வேணும்."

அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழியில்லை. அக்டோபர் முடிந்து நவம்பர் வந்தும் அவள் ஜன்னலோரம் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தவணை முடிய முடிய, புதுப்பிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்குமோ என்று நான் அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் பனி விழுந்த வாரம் அவளாகவே அதைத் திருப்பிக் கொடுத்தாள். சரித்திரக் கதையிலிருந்து அறுத்த தாள்களை நான் பசை போட்டு ஒட்டினேன். கோணலாக ஒட்டிக்கொண்டது. தொகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது புவாண்ட்-கிளேர் அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவள் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். அதற்கும் இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தான். எனக்கு வேலை கிடைத்தது, லாசாலுக்கு வீடு மாறினோம். மூத்தவளைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவே இல்லை. பேச ஆரம்பித்தால் என்ன கேட்பாளோ என்று நான் பயந்தேன். அவளுக்கு என்ன பயமோ.

எழுபதுகளின் கடைசியில், அவளிடம் சொல்லாமல், அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். குழந்தையை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள் தங்களிடம் இல்லை என்று இரண்டே வரி. அதை மறைக்க மனமில்லாமல் அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்ததை மறுபடியும் படித்தாள்.

"எழுதியாவது கேட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை உறைக்குள் மடித்து வைத்தாள்.