பெட்டிக்குத் தனி நம்பர்: அப்டன் பார்க்கில் கேம்பர் வாங்கப் போன கதை

எங்கள் கோயில் பங்கில் இருந்து ஒவ்வொரு ஜூலையும் நோர்ஃபோக் யாத்திரைக்கு ஒரு கோச் போகும். காலை ஐந்தரைக்கு தோர்ண்டன் ஹீத்தில் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறக்கிவிடுவார்கள். அதில் எட்டு மணி நேரம் கோச்சுக்குள்ளேயே போய்விடும். பதினோரு வருடம் இப்படிப் போய்வந்தபின் இந்த வருடம் வீட்டில் அறிவித்துவிட்டேன். சொந்த வாகனத்தில் போகிறோம், அங்கேயே தங்குகிறோம், அடுத்த நாள் அப்படியே ஸ்கொட்லாந்துக்கு ஏறுகிறோம், பத்து நாள். என் கணவர் ஜெரோம் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, எந்த வாகனம் என்று மட்டும் கேட்டார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பிக்கப் ட்ரக்கின் முதுகில் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்திருப்பார்களே, அந்த கேம்பர். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஒரு குட்டி சிங்க். ஊர் போய்ச் சேர்ந்ததும் நாலு இரும்புக் காலை இறக்கிப் பெட்டியைத் தனியே நிறுத்திவிட்டு, ட்ரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம். நான் பதினான்கு வருடமாக லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டுகிறேன். எந்த நேரமும் எழுபது பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற எனக்கு, பின்னால் கட்டிலை ஏற்றிக்கொண்டு போவது என்றால் எவ்வளவு ஆசை இருக்கும், நீங்களே யோசியுங்கள்.

மே மாதம் ஒன்லைன் விளம்பரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. 2017 டீசல் பிக்கப், மேலே கேம்பர் பெட்டி, இரண்டும் சேர்த்து 16,500 பவுண்டு, இடம் அப்டன் பார்க். போன் எடுத்தால் மறுமுனையில் தமிழ். அதற்குப் பிறகு வாகனத்தைப் பற்றி இரண்டு நிமிடமும் ஊரைப் பற்றி நாற்பது நிமிடமும் கதைத்தோம். அவர் பெயர் சூசை, மன்னார்ப் பக்கம், என் பெரியம்மா கலியாணம் கட்டிப் போன அதே ஊர். போனை வைக்கும்போது அவர் எனக்கு சூசை அண்ணை ஆகிவிட்டார், என் மனதில் கேம்பரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது.

ஜெரோமுக்கு அது போதவில்லை. லண்டனில் களவு போகிற வாகனங்கள் விளம்பரத்துக்குத்தான் வருகின்றன, பேப்பர்களைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதே என்றார். எங்கட ஆளிடம் போய் இது களவெடுத்ததோ என்று எப்படிக் கேட்பது? ஊரும் பேரும் சொன்ன மனிதரிடம் ரசீது கேட்பது முகத்தில் அடித்த மாதிரி. இந்தக் கூச்சம் வெள்ளைக்காரருக்குச் சொன்னால் விளங்காது, இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கும்.

வியாழக்கிழமை எனக்கு ரெஸ்ட் டே. திரும்பும்போது கேம்பரிலேயே வருவோம் என்ற நம்பிக்கையில் ரயிலில் கிளம்பினோம். 9.42க்கு தோர்ண்டன் ஹீத்தில் ஏறி, பத்து மணி தாண்டி விக்டோரியாவில் இறங்கி, அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் மாறாமல் அப்டன் பார்க். 10.55க்கு வெளியே வந்தோம். ஆளுக்கு 5.60 பவுண்டு கழிந்தது. கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்க் கடையில் நாலு மீன் ரோல்ஸ், ஆறு பவுண்டு. விலை கூடத்தான், ஆனால் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாமே மலிவாகத் தெரிந்தது.

போகும் வழியில் ரயிலிலேயே செய்யக்கூடிய வேலைகளைச் செய்து முடித்தேன். இவற்றை நீங்களும் செய்யுங்கள். அரசாங்கத் தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் வருடா வருடம் செய்த எம்.ஓ.டி. தகுதிச் சோதனைகள் எல்லாம் இலவசமாக வரும். மைல் கணக்கு வருடா வருடம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ட்ரக்கில் ஏறியிருந்தது, கடைசி நாலு வருடம் மட்டும் ஆமை வேகத்தில். பிறகு காசு கட்டிப் பார்க்கும் தளம் ஒன்றில் 14.99 கொடுத்து களவு, கடன், விபத்து மூன்றையும் பார்த்தேன். மூன்றும் சுத்தம். லண்டன் காற்றுத் தர விதிக்கும் அது பொருந்தியது, இல்லாவிட்டால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 அழ வேண்டும்.

சூசை அண்ணையின் வீடு ஸ்டேஷனில் இருந்து நடந்து பன்னிரண்டு நிமிடம். அறுபது வயது மதிக்கலாம், குரல் மாதிரியே ஆளும் மென்மை. அவரின் மனைவி ரீட்டா அக்கா கதவைத் திறந்த கையோடு எங்களை இருத்தித் தேத்தண்ணியும் தந்து, அந்தச் சாமானை எப்போ கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். நாலு வருடமாக மாதம் 85 பவுண்டு வாடகைக்கு வாகனம் நிறுத்தும் ஒரு யார்டில் சும்மா நிற்கிறதாம். வாங்கின புதிதில் ஒரேயொரு முறை கென்ட் கடற்கரைக்குப் போய்வந்ததோடு சரி, பிறகு எங்கே கூப்பிட்டாலும் அண்ணைக்கு முதுகு நோகுமாம். அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கூச்சத்தில் ரோல்ஸ் பையையே திருப்பித் திருப்பிப் பார்க்க, ஜெரோம்தான் லொக் புக்கை, அதாவது வாகனப் பதிவுப் பத்திரத்தை, கேட்டார். அண்ணை முகம் கோணாமல் எடுத்துத் தந்தார். பெயர் சரி, நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டு விலாசம் சரி, வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி சரி. ட்ரக் வாங்கிய டீலரின் ரசீதும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தேத்தண்ணி குடித்தேன்.

யார்ட் பக்கத்துத் தெருவில்தான். கேம்பரைக் கண்டதும் ஜெரோமின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் ஒரு நீலக் கோடு, பின்கதவுக்கு இரண்டு படி. ஆறு மீற்றர் நீளம், எங்கள் வாசல் ஆறு மீற்றர் நாற்பது, முதல் நாளே அளந்து வைத்திருந்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே பதினேழு எழுத்து நம்பர், கதவடியில் ஒட்டியது, சட்டத்தில் அடித்தது. மூன்றையும் லொக் புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். எல்லாம் சரி. ஜெரோமே சிரித்துவிட்டார்.

அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் டிப்போவில் பஸ்ஸை எடுக்கமுதல் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து லைட், டயர், கதவு, கண்ணாடி எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கால் தானாக நடக்கும். அப்படியே கேம்பரையும் சுற்றி வந்தபோதுதான் பின்கதவுச் சட்டத்தில் இரண்டு சின்ன ஓட்டைகளைக் கண்டேன். ஏதோ தகடு அடித்திருந்த இடம். தகடு இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ட்ரக்குக்குத்தான் நம்பர் பிளேட், ட்ரக்குக்குத்தான் லொக் புக். மேலே இருக்கிற பெட்டி இன்னொரு கம்பனி செய்த தனிச் சாமான், அதற்குத் தனி நம்பர். நாலு கால் இருக்கிற பெட்டியை யாரும் யாருடைய ட்ரக்கிலும் ஏற்றிக்கொண்டு போகலாம். நான் 14.99 கொடுத்துப் பார்த்தது ட்ரக்கை மட்டும்தான். விலையில் பாதிக்கு மேல் பெட்டி, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. களவுப் பொருள் என்றால் பொலிஸ் எடுத்துக்கொண்டு போகும், என் காசும் போகும், யாத்திரையும் போகும்.

பெட்டிக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணை பின்கதவுப் படியில் உட்கார்ந்து சொன்னார்.

"இல்லைத் தங்கச்சி. எங்கட அன்ரனிட்ட கைக்காசுக்கு வாங்கினது. கடதாசி கேட்டா அவன் என்ன நினைப்பான் எண்டு நான் கேக்கேல்ல."

அன்ரன் அவரின் நண்பர். லண்டனுக்கு வந்த புதிதில் அண்ணை வீட்டு முன்னறையில் ஒன்றரை வருடம் தங்கியிருந்தவர். சந்தையில் ஒன்பதாயிரம் போகிற பெட்டியை ஐயாயிரத்துக்குக் கொடுத்திருக்கிறார். வாங்கி மூன்று மாதம் கழித்துக் கழுவும்போதுதான் அண்ணை அந்த ஓட்டைகளைக் கண்டிருக்கிறார். தகடு இல்லை, விலையும் கிட்டத்தட்டப் பாதி, இது நேர்வழியில் வந்ததாக இருக்காது என்று ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. கேட்கவும் வாய் வரவில்லை. ரோட்டில் பொலிஸ் மறித்தால் என்ன செய்வது என்று ஓட்டவும் பயம். முதுகுநோவு அதன்பிறகு வந்ததுதான். அன்ரனோடு கதைப்பதையும் அப்படியே விட்டுவிட்டாராம், கோயிலில் கண்டால் மற்றக் கதவால் போய்விடுவாராம்.

"உங்களிட்டச் சொல்லாமல் விக்கத்தான் இருந்தனான்," என்றார். "என்ர பயத்தை உங்கட தலையில கட்டப் பார்த்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. மறைத்துப் பயன் இல்லை, நல்ல கோபம் வந்தது. பெரியம்மாவின் ஊர் என்று நாற்பது நிமிடம் கதைத்த மனிதர் இதைச் செய்யப் பார்த்தாரே என்று. ஆனால் அந்த நேரம் கோபத்தை விட ஆசை பெரிதாக இருந்தது. பெட்டி நல்லதாக இருக்கவும் கூடுமே. உள்ளே ஏறித் தேடத் தொடங்கினேன்.

ட்ரக்கிலேயே நம்பர் மூன்று இடத்தில் இருந்ததே, பெட்டியிலும் ஓர் இடத்தில் மட்டும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். காஸ் சிலிண்டர் அறை, இல்லை. சிங்குக்குக் கீழே, இல்லை. ஜெரோம் மெத்தையைத் தூக்க, கட்டில் பலகைக்குக் கீழே அலுமினியச் சட்டத்தில் ஒன்பது இலக்கம் அடித்திருந்தது. சுரண்டலோ அழிப்போ இல்லை. படம் எடுத்துக்கொண்டு, நீலக் கோட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துப் பெட்டியைச் செய்த கம்பனிக்குப் போன் எடுத்தேன். நேரம் 12.50. சாப்பாட்டு நேரத்திலும் ஒரு பெண் எடுத்தாள், அவளுக்கு நல்லது நடக்கட்டும்.

யாருடைய பெயரில் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. நாங்கள் ஒரு பெயரைச் சொன்னால் அது சரியா பிழையா என்று மட்டும் சொல்வாளாம். அண்ணை பக்கத்தில் நின்றார். நான் ஸ்பீக்கரைப் போட்டு அன்ரனின் முழுப் பெயரைச் சொன்னேன். கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. சரி என்றாள். முதல் சொந்தக்காரரிடம் வாங்கிய ரசீதைக் காட்டித் தன் பெயருக்கு ஒழுங்காக மாற்றியிருக்கிறார், களவு என்று யாரும் அறிவித்ததில்லை. தகடு? மழைத் தண்ணீர் ஒழுகி ஃபக்டரியிலேயே கதவுச் சட்டம் மாற்றியபோது பழைய தகட்டைத் திரும்ப அடிக்காமல் விட்டது தங்கள் பிழை, புதியது அனுப்புகிறோம் என்றாள்.

நான் யார்டுக்குள் கையைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜெரோம் ரோல்ஸ் பையைத் திறந்தார். அண்ணை மட்டும் அசையாமல் நின்றார். பிறகு தன் போனை எடுத்து, நம்பரைத் தேடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தார்.

"அன்ரன், நான் சூசை. உன்னட்ட ஒண்டு கேக்க வேணும். அந்தப் பெட்டியை ஏன்ரா எனக்கு அவ்வளவு மலிவாத் தந்தனீ?"

மறுமுனையில் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணை போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். ஒன்றரை வருடம் வாடகை வாங்காமல் வைத்திருந்த ஆளிடம் முழு விலை எப்படி வாங்குவது என்று அன்ரன் கேட்டாராம். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இனி அண்ணை வீட்டுக்குப் போய் அவரின் வங்கிக் கணக்குக்குக் காசை மாற்றுவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இன்சூரன்ஸுக்குக்கூடப் போனில் விலை கேட்டு வைத்துவிட்டேன். அண்ணை எல்லாவற்றையும் ஒளிக்காமல் ரீட்டா அக்காவிடம் சொன்னார். அக்கா கதிரையில் இருந்தபடி முழுவதும் கேட்டார்.

"நாலு வருஷம்," என்றார். "நாலு வருஷம் இந்த மனுசனுக்கு முதுகுக்கு எண்ணெய் பூசினனான். விக்கேலாது. முதல் நான் அதில ஏறி ஊர் பாக்க வேணும்."

அண்ணை என்னைப் பார்த்தார், நான் ஜெரோமைப் பார்த்தேன். வாதாட ஒன்றும் இருக்கவில்லை. களவுப் பொருளாக இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது, நல்ல பொருள் என்று நிரூபித்ததாலும் கிடைக்கவில்லை. ரீட்டா அக்கா சோறு போட்டு, நண்டுக் கறி தந்து, மிச்சத்தைக் கட்டியும் தந்தார். 4.15க்கு அதே டிஸ்ட்ரிக்ட் லைனில் திரும்பினோம். விக்டோரியா வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை.

நீங்களும் வாங்கப் போவதாக இருந்தால், ட்ரக்குக்கு ஒரு சோதனை, பெட்டிக்கு ஒரு சோதனை என்று இரண்டாகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நம்பரைப் போனிலேயே கேட்டு, போகமுதல் அதைச் செய்த கம்பனியோடு கதையுங்கள். லொக் புக்கில் உள்ள விலாசத்தில்தான் விற்கிறவரைச் சந்திக்க வேண்டும், கார் பார்க்கில் சந்திப்போம் என்றால் போகாதீர்கள். லொக் புக் சொந்தக்காரர் யார் என்பதற்கு அத்தாட்சி அல்ல, அதனால் ரசீதும் வேண்டும். பழைய ஆளின் ரோட் டாக்ஸ் உங்களுக்கு வராது, ஓட்டமுதல் நீங்கள் கட்ட வேண்டும். அட்வான்ஸ் கேட்டால், எல்லாம் பார்த்து முடியும்வரை ஐந்து பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். விற்கிறவரின் மனைவியையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த கிழமையே கென்ட் பக்கம் மெட்வேயில் இன்னொரு கேம்பர் விலைக்கு இருப்பதாகத் தெரியவந்தது. விற்பது வேறு யாருமில்லை, என் சித்தப்பாவின் மகன். சுகம் விசாரித்து முடிந்த கையோடு பெட்டியின் நம்பரையும் ரசீதின் படத்தையும் அனுப்பச் சொன்னேன்.

"என்னிலயே சந்தேகமோ அக்கா?" என்றான்.

"இல்லையடா," என்றேன். "சந்தேகம் வரக்கூடாது எண்டுதான் கேக்கிறன்."

பத்து நிமிடத்தில் இரண்டு படமும் வந்து சேர்ந்தன.