வீரன் குரைக்கவில்லை

“நாலெழுத்துப் படிச்ச உடனை நாயின்ரை பாசையும் விளங்குதோடி உனக்கு?” என்று மாமி கேட்டபோது அடுப்பில் கூழ் கொதித்து மணத்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வகுப்பிலும் முதலாம் பிள்ளை. ஆனாலும் பன்னிரண்டு வயது; அகப்பையை எடுத்துக் கூழைத் துழாவினேன்.

அன்று இருள் கவியும் மைம்மல் பொழுதில், அரியாலையில் இருந்த எங்கள் வளவுக்குள் அக்காவைப் பெண் கேட்டு ஒருவர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தேவாரம் படிக்கிறவர்களின் குரல். மயிலிட்டியில் மீன்பிடி வள்ளங்கள் இருப்பதாகவும், இந்தப் பக்கம் வருவது இதுவே முதல் தடவை என்றும் சொன்னார். சம்பந்தம் பேசிவைக்கும் பேச்சுக்காரர் இல்லாமல் தனியே வந்ததைக்கூட அம்மா “ஒளிவுமறைவில்லாத பிள்ளை” என்று மெச்சினார். அந்நியரின் நிழல் வேலியில் விழுந்தாலே ஊரைக் கூட்டும் எங்கள் நாய், அவர் காலடியில் வாலாட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

“வாயில்லாச் சீவனுக்குத் தெரியும் ஆர் நல்லவர் எண்டு.”

“பழகின ஆக்களுக்குத்தானே அம்மா அது வாலாட்டும்?” என்று நான் குசினிக்குள் கேட்டதற்குத்தான் மாமியின் அந்த நக்கல்.

போகும்போது அவர் குனிந்து, “வீரா, வாறன்,” என்று அதன் தலையைத் தடவினார். அந்தப் பெயரை அன்று எங்களில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. அம்மாவோ, “நாயையும் பேர் சொல்லிக் கூப்பிடுது, என்ன அன்பான பிள்ளை!” என்று உருகிப்போனார்.

அக்கா மட்டும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனாள். “ஐயா கடலுக்குத் தொழிலுக்குப் போற இரவுகளிலை வீரன் வேலியடியிலை நிண்டு வாலாட்டுமடி. அங்காலை ஒருத்தரையும் காணேலாது. முனியெண்டு பயந்து சொல்லாமல் இருந்தன்.” இருவரும் போய்ப் பார்த்தோம். அவள் படுக்கிற அறைக்கு நேரே வேலியின் தென்னோலைக் கிடுகு விலக்கப்பட்டு, ஒரு கண் அளவுக்கு ஓட்டை இருந்தது. கீழே மீன்முள்கள்.

விடிந்ததும் ஐயாவிடம் சொன்னோம். அடுத்தமுறை அந்த மாப்பிள்ளை வந்தபோது ஐயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, எங்கடை நாயின்ரை பேரை உமக்கு ஆர் சொன்னது?”

அவர் அழகான ஒரு சிரிப்போடு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். வாசல் படலைவரை வீரன் வழியனுப்பிவிட்டு வந்தது. பிறகு அவர் வரவேயில்லை.

“நல்ல மாப்பிள்ளையைக் கலைச்சுப் போட்டியள்” என்று அம்மா இன்றைக்கும் குறைப்படுகிறார். அதைவிட என்னை நடுங்கச் செய்வது வேறு: அந்த முகத்தை நினைக்கும்போது எனக்கும் அது நல்ல முகமாகவே தெரிகிறது.

இப்போது வீரன் இல்லை. கிடுகுவேலி நின்ற இடத்தில் மதில். எனக்குப் பருத்தித்துறையில் இருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. “முகத்திலையே தெரியுது. பிறகென்ன விசாரிக்கிறது?” என்கிறார் அம்மா. எனக்கும் அந்தப் பருத்தித்துறை மாப்பிள்ளையின் குரல் பிடித்துத்தான் இருக்கிறது. அதனால்தான் அவரைப் பற்றி நானே விசாரிக்க இன்று காலை பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன், வழியில் கோப்பாய் கடந்தாயிற்று.